நாய் பயம்: பழசைத் தோண்டுவதா, பக்கத்தில் போய்ப் பழகுவதா?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழுப்பு நிற நாய் படுத்திருக்கும். வயதான நாய். ஆள் போனால் தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி, எழுந்துகூட வராது. அந்த நாய்க்காகவே ஆறு வருடமாகச் சுற்றுவழியில் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. போன வருடம் சுற்றுவழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் போனோம். நாய் இன்னும் கண்ணில்கூடப் படவில்லை, என் கையைப் பிடித்திருந்த நான்கு வயதுக் குழந்தையின் விரல்கள் இறுகின. அவளை எந்த நாயும் கடித்ததில்லை, துரத்தியதும் இல்லை. என் பிடி இறுகியது, அதனால் அவள் பிடியும் இறுகியது. அவ்வளவுதான்.

சிகிச்சை எடுப்பது என்று அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். எந்தச் சிகிச்சை என்பதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மாத்திரை போதும் என்றார் ஒருவர். சின்ன வயதில் நடந்ததைப் பேசித் தீர்க்காமல் போகாது என்றார் இன்னொருவர். நாயோடு பழகினால் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே படித்தவர்கள், அக்கறையோடு சொன்னவர்கள். அப்போது நான் தேடிப் படித்ததையும் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகட்டும்.

சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் பயம் எப்படி உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர் 1977-இல் மூன்று வாசல்களைச் சொன்னார். நேரடியாக அடிபடுவது ஒன்று. அடுத்தவர் பயப்படுவதைப் பார்ப்பது இன்னொன்று. சொல்லிக் கேட்பது மூன்றாவது. என் கதையில் முதல் வாசல் இல்லவே இல்லை. எனக்கு ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் கேட்ட வசனம் ஒன்றுதான்: "நாய்கிட்ட போனா தொப்புளைச் சுத்தி 14 ஊசி!" என் வயதுக்காரர்கள் எல்லாரும் இதைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அது பொய் மிரட்டலும் இல்லை. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய ரேபிஸ் தடுப்பூசியை அப்படித்தான் வயிற்றில் நாள்கணக்கில் போட்டார்கள். 2005 வாக்கில் இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது. ஊசி மாறியும் என் வயிறு அதை மறக்கவில்லை. நாயைக் கண்டால் இன்றைக்கும் முதலில் இறுகுவது வயிறுதான்.

இந்த மூன்று வாசலுக்கும் முந்திய ஒன்று இருக்கிறது. அதுதான் இயல்பூக்கம், யாரும் கற்றுக்கொடுக்காமல் பிறவியிலேயே உடம்போடு வருவது. அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோஸலி ரேனரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஆல்பர்ட் என்று பெயரிட்ட கைக்குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். எலியைப் பார்த்தாலே குழந்தை அழ ஆரம்பித்தது. முயலுக்கும் நாய்க்கும் அழுதது. அந்தப் பயத்தை நீக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குப் படிக்கும்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது. அந்த ஆய்வை வைத்து எதற்கு வேண்டுமானாலும் மனிதனைப் பயப்படப் பழக்கலாம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் 1971-இல் அதை மறுத்தார். ஸ்விட்ச் போர்டைக் கண்டு மிரண்டு ஓடுகிறவர்களைப் பார்ப்பது அரிது. பாம்பு, உயரம், இருட்டு, விலங்கு என்றால் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். சில பயங்களைச் சட்டென்று கற்றுக்கொள்ள நம் உடம்பு முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்பது அவர் வாதம்.

சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் குரங்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்ததும் இவையும் பயப்படத் தொடங்கின. பிறகு வீடியோவைத் திருத்தி, பொம்மை முதலையைப் பார்த்து அலறுவதுபோலக் காட்டினால் முதலைக்குப் பயந்தன. பூவைப் பார்த்து அலறுவதுபோலக் காட்டியபோது பூவுக்குப் பயப்படவில்லை. இயல்பூக்கம் மண்ணைப் பதமாக வைத்திருக்கிறது, விதையைப் போடுவது குழந்தைப் பருவம். சில நேரம் விதைகூடத் தேவைப்படுவதில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஒரே காலத்தில் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் விழுந்து பலமாக அடிபட்டவர்களுக்கு 18 வயதில் உயரப் பயம் கூடுதலாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பயம் இல்லாதவர்களிடம்தான் அப்படி விழுந்த கதை அதிகம் இருந்தது. பிறவியிலேயே உயரத்துக்கு அஞ்சாத குழந்தைதான் மரமேறி விழுகிறது போலும்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இது ஏன் முக்கியம்? "உங்கள் பயத்துக்கு வேர் சிறுவயதில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் தீரும்" என்று ஒருவர் சொன்னால், கண்டுபிடிக்க அங்கே ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

இனி வழிகளைப் பார்ப்போம். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான், பெரும்பாலானவர்கள் எடுப்பது அதைத்தான். பாம்பு பயம் உள்ளவர் நகரத்தில் குடியிருந்தால் அது அவர் வாழ்க்கையைத் தொடுவதே இல்லை, அவர் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நாய் அப்படியில்லை. நம் ஊர்த் தெருவில் நாய் இல்லாத நாள் இல்லை. ஒவ்வொரு முறை சுற்றுவழியில் போகும்போதும் "நல்லவேளை, தப்பித்தோம்" என்று உடம்பு ஒரு பாடம் படிக்கிறது. விலகல்தான் பயத்துக்குத் தீனி.

மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட ஒரு பொருளின் மீதோ விலங்கின் மீதோ உள்ள பயத்துக்கு மாத்திரை முதல் சிகிச்சை அல்ல. பென்சோடயஸிபைன் வகை மாத்திரைகள் அந்த நேரத்துப் படபடப்பைக் குறைக்கும். நாளடைவில் பழக்கமாகிவிடும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு நாயின் அருகே நின்றால், "மாத்திரையால் தப்பித்தேன்" என்றுதான் மனம் எழுதிக்கொள்ளும். ஆனால் நாய் பயத்தோடு மனச்சோர்வோ எந்நேரமும் பதற்றமோ சேர்ந்திருந்தால் கணக்கு வேறு, அங்கே மருந்து பெரிய துணை. ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். பழசைப் பேசுவதா, பக்கத்தில் போய்ப் பழகுவதா? இந்த வழக்கு நூறு வருடத்துக்கு மேல் பழையது. இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு குழந்தை சாட்சி.

முதல் குழந்தை வியன்னாவில் இருந்தான். ஐந்து வயது, குதிரை என்றால் பயம், வீட்டை விட்டு வெளியே வர மாட்டான். மனதின் ஆழத்தைப் பேசித் தேடும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃபிராய்ட் 1909-இல் அவனை ஹான்ஸ் என்று பெயர் மாற்றி எழுதினார். சிகிச்சையைப் பெரும்பாலும் நடத்தியவர் பையனின் அப்பா, ஃபிராய்டோடு கடிதத்தில் கலந்து பேசிக்கொண்டே. குதிரைக்குப் பயப்படுகிறான் என்றால் உள்ளுக்குள் அப்பாவுக்குப் பயப்படுகிறான் என்பது ஃபிராய்டின் வாசிப்பு. ஆனால் அதே குறிப்புகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பையன் தெருவில் ஒரு வண்டிக் குதிரை சரிந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறான், பயம் அதன்பிறகுதான் வந்தது என்று அவனே சொல்லியிருக்கிறான். மனநல மருத்துவர் ஜோசப் வோல்பேயும் முன்பு சொன்ன ராக்மனும் 1960-இல் இதைச் சுட்டிக்காட்டி, விழுந்த குதிரையே போதுமே, அப்பா எதற்கு என்று கேட்டார்கள். வளர்ந்த ஹான்ஸ் 1922-இல் ஃபிராய்டைப் பார்க்க வந்தான். நன்றாக, திடமாக இருந்தான். தன்னைப் பற்றி எழுதியதைப் படித்தபோது யாரோ ஒருவன் கதைபோல இருந்தது அவனுக்கு. சிறுவயது நினைவை நம்பிச் சிகிச்சை கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது குழந்தை பீட்டர், நியூயார்க். வயது மூன்றுகூட ஆகவில்லை. முயலுக்குப் பயம். மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் அவனைப் பற்றி எழுதினார். முதலில் கூண்டில் முயல் 12 அடி தூரத்தில். பிறகு 4 அடி, 3 அடி. முயலுக்குப் பயப்படாத குழந்தைகள் கூடவே விளையாடினார்கள். பாதியில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளியே வரும் வழியில் ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய, பயம் முழுதாகத் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இம்முறை பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் தன் விரலை முயல் கொறிக்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஏன் பயந்தான் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே தீர்ந்தது.

எனக்கு முடிவைச் சொன்னது பீட்டரின் கதைதான். குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயம் என்றால் என் ஓட்டு படிப்படியாகப் பழகும் சிகிச்சைக்கே. எக்ஸ்போஷர் தெரபி என்று கேட்டால் மருத்துவர்களுக்குப் புரியும். இந்த வகைப் பயத்துக்கு ஆய்வுகளின் ஆதரவு அதற்குத்தான் அதிகம். ஸ்வீடனின் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1989-இல், மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் இதை முடிக்கும் முறையைக்கூட விவரித்தார். நான் அவ்வளவு துணியவில்லை. வாரம் ஒன்றாக ஒன்பது அமர்வு போனேன்.

அந்த ஒன்பதில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் ஒப்பீடு புரியும். முதல் நாள் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு ஏணி எழுதினோம். நாய்ப் படம் 15. குரைக்கும் சத்தம் 40. சங்கிலியில் கட்டிய நாய் 20 அடியில் 70. இஸ்திரி வண்டி 95. சிறுவயதைப் பற்றிப் பேச்சு இல்லாமல் இல்லை. கதவைச் சாத்திய அம்மா, 14 ஊசி எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன். "சரிங்க மேடம், இது எப்படி வந்துச்சுன்னு இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். இப்ப நாயைப் பார்த்தா பயம் எவ்வளவு?" என்று கேட்டார் தெரபிஸ்ட். அதே 70 தான். காரணம் தெரிந்ததும் மனசு லேசானது உண்மை, என்மேல் எனக்கிருந்த கோபம் குறைந்தது. ஆனால் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான்காவது வாரம் ஒரு பூங்காவில் லாப்ரடார் ஒன்றை அதன் சொந்தக்காரர் சங்கிலியோடு பிடித்திருந்தார். நான் குடையோடு போயிருந்தேன், மழையும் இல்லை, வெயிலும் இல்லை. "குடையை பெஞ்சுல வெச்சுட்டு வாங்க" என்றார் தெரபிஸ்ட். அப்போதுதான் எனக்கே உறைத்தது: வருடக்கணக்கில் நான் குடை இல்லாமல் தெருவில் இறங்கியதே இல்லை. கையில் ஏதாவது இருந்தால்தான் நடப்பேன் என்பதும் ஒருவகை விலகல்தான். போகும் முன் நோட்டில் எழுதச் சொன்னார்: என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? "பாயும், 90%" என்று எழுதினேன். பத்து நிமிடம் நின்றேன். அது என் செருப்பை மோந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, படுத்துவிட்டது. திரும்பி வந்து அதையும் நோட்டில் எழுதினேன். அந்த இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருப்பதைப் பார்ப்பதுதான் சிகிச்சை. "எல்லா நாயும் கடிக்காது" என்று முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். எண்ணத்தை மட்டும் திருத்தும் கவுன்சலிங்கால் என் வகைப் பயம் முழுதாகப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிவு ஒப்புக்கொண்டதை உடம்பும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பாதியில் எனக்கும் பீட்டர் கதைதான். ஆறாவது வாரம் ஊருக்குப் போனபோது ராத்திரி நாய்கள் கூட்டமாகக் குரைத்தன, பழையபடி உறைந்துபோனேன். காசும் நாளும் வீண் என்று அழுகையே வந்தது. இது எதிர்பார்த்ததுதான் என்றார் தெரபிஸ்ட். பழைய பயம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று ஏறுகிறது, அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. மார்க் பூட்டன் என்ற ஆய்வாளர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது இதைத்தான். ஆகவே ஒரே நாய், ஒரே பூங்கா போதாது. மீதி மூன்று வாரமும் வேறு வேறு நாய், வேறு வேறு தெரு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாய்க்கு அஞ்சுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைப் பிடுங்குகிற சிகிச்சை நல்ல சிகிச்சை அல்ல. தெருநாயைத் தொடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. குட்டி போட்ட நாய், சாப்பிடும் நாய் பக்கம் போகாதே, ஓடாதே, கண்ணுக்குக் கண் முறைக்காதே என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு.

பயத்துக்கு உடம்பு பதில் சொல்லும் விதம் வேறானால் சிகிச்சையும் வேறாகும். ரத்தம், ஊசி பார்த்தால் மயங்கி விழுகிறவர்களுக்கு முதலில் ஏறும் ரத்த அழுத்தம் பிறகு சட்டென்று இறங்கிவிடுகிறது. அவர்களிடம் "மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்துங்கள்" என்றால் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். கை, கால், தொடைத் தசைகளை இறுக்கிப் பிடிக்கப் பழக்கிக்கொண்டுதான் அவர்கள் பழகும் சிகிச்சையில் இறங்க வேண்டும். நாய் கடித்த பிறகு இரவெல்லாம் அதே காட்சி கனவில் வருகிறது, தூக்கம் போய்விட்டது என்றால் அது வெறும் பயம் அல்ல, அதிர்ச்சிக்கான தனிச் சிகிச்சை தேவை.

அப்படியானால் பழசைப் பேசும் சிகிச்சை எதற்கும் ஆகாதா? என் பெரியம்மா மகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல என்னால் முடியாது. அக்காவின் பயம் மனிதர்களைப் பற்றியது. அத்தான் இரண்டு முறை போனை எடுக்கவில்லை என்றால் மூன்றாவது ரிங்குக்குள் அக்கா கண்ணீரில் இருப்பாள், வந்ததும் சண்டை. இரண்டு வயதில் அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வேலைக்கு வெளிநாடு போனார்கள். பாட்டி தங்கமான பாட்டி. ஆனால் அக்காவுக்கு ஐந்து வயதாகும்போது பாட்டியும் போய்ச் சேர்ந்தார். கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவாள்.

குழந்தை ஒரு ஆளைப் பற்றிக்கொள்வதும் இயல்பூக்கம்தான், பசிபோல அடிப்படையானது என்று சொன்னவர் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர். லண்டனில் வசதியான வீட்டுப் பிள்ளை. தாயைவிட நெருக்கமாக வளர்த்த ஆயா அவருக்கு நான்கு வயது ஆகும் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாள், அந்த இழப்பைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு பணிசெய்த மேரி ஐன்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டா போய் கிராமத்துத் தாய்மார் வீடுகளில் உட்கார்ந்து, குழந்தைகள் தாயை எப்படித் தேடுகின்றன, தாய் திரும்பி வந்தால் எப்படி ஆறுகின்றன என்று கவனித்து எழுதினார். பற்றிக்கொண்ட கை விட்டுப்போனால் "யாரும் நிலையில்லை" என்பது குழந்தையின் பாடமாகிவிடுகிறது, வளர்ந்த பிறகு கணவன் மனைவிக்குள் அதே பாடத்தை உடம்பு ஒப்பிக்கிறது.

இதற்கு ஏணி எழுத முடியாது. போனை எடுக்காத அத்தானை 20 அடியில் நிறுத்திப் பழக முடியுமா? அக்கா ஒரு வருடத்துக்கு மேல் வாரந்தோறும் போனாள். ஒருமுறை தெரபிஸ்ட் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தபோது "நீங்களும் விட்டுட்டுப் போறீங்க" என்று அவரிடமே கோபப்பட்டிருக்கிறாள். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து அதையே பேச வைத்தார். திருப்பம் அங்கேதான் என்று அக்கா சொல்வாள். சொன்ன தேதியில் திரும்பி வந்த ஒருவர்! அங்கேயும் காரணத்தைத் தெரிந்துகொண்டது மட்டும் குணப்படுத்தவில்லை. ஒரு புதிய உறவின் அனுபவம் பழைய பாடத்தின்மேல் ஏறியது. இந்த வகையில் ஸ்கீமா தெரபி, சைக்கோடைனமிக் தெரபி என்று பல பெயர்கள் உண்டு. ஆறு அமர்வில் முடித்துத் தருகிறேன் என்று இதில் யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதையே வேலையாக வைத்திருப்பவரிடமும் வேண்டாம். பெரியம்மா எந்த நிலைமையில் போனார் என்பதையும் அந்த அறையில் பேசினார்கள், அதனால்தான் இன்று அக்காவால் அவரோடு உட்கார்ந்து காபி குடிக்க முடிகிறது.

ஆக, பயத்தை ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடிந்தால் பழகும் வழி. விரல் எங்கே நீட்டினாலும் அங்கே ஒரு மனிதர் நின்றால் நீண்ட வழி. இரண்டும் கலந்திருந்தால் முதலாவதில் தொடங்குவேன். சீக்கிரம் பலன் தெரியும், அந்தத் தைரியம் மற்றதற்கு உதவும்.

யாரிடம் போவது? மருந்து எழுதுவது சைக்யாட்ரிஸ்ட். தெரபிக்கு, எம்.ஃபில் முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைத் தேடுங்கள், பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். முதல் சந்திப்பில் "என் பயத்துக்கு நாம் இந்த அறைக்கு வெளியே போவோமா?" என்று கேளுங்கள். நாய் பயத்துக்கு ஒருபோதும் நாற்காலியை விட்டு எழ வேண்டாம் என்று சொல்கிறவர் எனக்குச் சரிப்படவில்லை, அவரிடம் நான் மூன்று அமர்வு போய் நிறுத்தினேன்.

மகள் விஷயத்துக்கு அந்தக் குரங்கு ஆய்வின் இன்னொரு பாதி உதவியது. பாம்பருகே பதறாமல் இருக்கும் குரங்கை முதலில் பார்த்துவிட்ட குரங்குகள், பிறகு பயந்த குரங்கைப் பார்த்தபோதும் பெரும்பாலும் பயத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தடுப்பூசிபோல. நான் குணமாகும்வரை காத்திருக்காமல் அவளை என் தம்பி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் அனுப்பினேன். அவனிடம் ஒரு ராஜபாளையம் இருக்கிறது. முதல் மாதம் மாமாவின் தோளில் இருந்தபடி பார்த்தாள், பிறகு மாமாவின் காலுக்குப் பின்னால் நின்று. இப்போது அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது அவள் வேலை, வேறு யாரும் வைக்கக் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நாய் கிண்ணத்தை விட்டு நேராக என்னிடம் வந்தது. வயிறு இறுகத்தான் செய்தது. நாற்காலியை நகர்த்தவில்லை.